சாம்பலா, பச்சையா? ஹல்க் முதல் இதழும் அதன் மறுபதிப்புகளும்

கேள்வி: ஹல்க் முதல் இதழின் மறுபதிப்பு ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதில் ஹல்க் சாம்பல் நிறத்தில் இருக்கிறான். நண்பர் வைத்திருக்கும் பழைய தொகுப்பிலோ, இதே கதையில், இதே கட்டங்களில் பச்சையாக இருக்கிறான். இரண்டில் எது அசல்? அசல் இதழைக் கண்ணால் காணவும் வழியில்லாத என்னைப் போன்றவர்கள், மறுபதிப்பைப் படித்துவிட்டு அந்த இதழையே படித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்கு நேரான பதில் உண்டு. அசலில் ஹல்க் சாம்பல். அதற்காக உங்கள் நண்பரின் தொகுப்பைப் போலி என்றோ, அச்சகத்தில் நேர்ந்த பிழை என்றோ எண்ணிவிட வேண்டாம். அதில் பச்சை அடித்தவர்கள் தெரிந்தே அடித்தார்கள். பிழை நேர்ந்தது அசலில்தான். இந்தத் தலைகீழ் நிலையைப் புரிந்துகொண்டால் உங்கள் இரண்டாம் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால், நிறத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹல்க் முதல் இதழ் 1962 மே மாதத் தேதியிட்டு, 12 சென்ட் விலையில் வெளிவந்தது. எழுதியவர் ஸ்டான் லீ. பென்சிலில் வரைந்தவர் ஜாக் கிர்பி. அதன்மேல் மையிட்டவர் பால் ரைன்மன். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று வகுத்துக் கொடுத்தவர் ஸ்டான் கோல்ட்பெர்க். மார்வெல் நிறுவனத்தின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொடர் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. ஸ்பைடர்மேன் அப்போது இன்னும் வரவில்லை. அரக்கர் கதைகளை அச்சிட்டுக்கொண்டிருந்த அந்த நிறுவனம் சாகச நாயகர்களின் பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தபோது, இரண்டுக்கும் நடுவில் பிறந்தவன் ஹல்க். 'இவன் மனிதனா, அரக்கனா, அல்லது இரண்டுமா' என்ற பொருளில் அட்டையிலேயே கேட்டிருப்பார்கள்.

சாம்பல் நிறத்தைத் தேர்ந்ததற்கு ஸ்டான் லீ பிற்காலத்தில் சொன்ன காரணம், எந்த மனித இனத்தின் தோல் நிறத்தையும் நினைவூட்டாத ஒரு நிறம் தமக்கு வேண்டியிருந்தது என்பது. எண்ணம் நல்ல எண்ணம். அன்றைய காமிக்ஸ் அச்சுமுறை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அந்த முறையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சிக்கல் விளங்காது. அக்கால அமெரிக்கக் காமிக்ஸ்கள் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு ஆகிய நான்கு மைகளில், செய்தித்தாள் அச்சாகும் மலிவான காகிதத்தில் அச்சாயின. கறுப்பு மை கோட்டுக்கும் எழுத்துக்கும் உரியது. மற்ற மூன்றையும் கால் பங்கு, அரைப் பங்கு, முழு அடர்த்தி என்ற மூன்று அளவுகளில் மட்டுமே பயன்படுத்த முடியும். எதுவும் இல்லாத வெற்றுநிலையையும் சேர்த்தால் ஒவ்வொரு மைக்கும் நான்கு நிலை. ஆக, நான்கை மூன்று முறை பெருக்கி வரும் 64 நிறங்களே வண்ணக்கலைஞரின் மொத்தக் கையிருப்பு. கோல்ட்பெர்க் போன்றவர்கள் பக்கத்தின் சிறிய நகலில் வண்ணம் தீட்டிக் குறியீடும் எழுதி அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்த்து, கனெடிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த வண்ணப் பிரிப்புக் கூடத்தில், பெரும்பாலும் பெண்களான பணியாளர்கள், ஒவ்வொரு மைக்கும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனித் தாளில் கையாலேயே இடம் அடைத்துக் கொடுப்பார்கள். அந்தத் தாள்களிலிருந்துதான் அச்சுத் தகடுகள் உருவாயின.

இந்த 64க்குள் சாம்பல் எப்படி வரும்? கறுப்பு மையைப் புள்ளியாக்கிச் சாம்பல் தரும் வசதி அந்தப் பட்டியலில் கிடையாது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் மெல்லிய புள்ளிகளாக ஒன்றன்மேல் ஒன்று இட்டு, மூன்றும் சரிசமமாக நின்றால் கண்ணுக்குச் சாம்பலாகத் தோன்றும். அந்தச் சமநிலை மிகவும் நொய்ந்தது. காகிதம் மையைச் சற்றுக் கூடுதலாக உறிஞ்சினாலும், ஒரு தகடு இழையளவு விலகினாலும், எந்திரத்தில் ஒரு மை கூடுதலாகப் பாய்ந்தாலும் போதும். சிவப்பு ஓங்கினால் பழுப்பு, நீலம் ஓங்கினால் நீலம் பாரித்த சாம்பல், நீலமும் மஞ்சளும் சேர்ந்து ஓங்கினால் பச்சை. முதல் இதழில் நடந்தது இதுதான். ஒரே ஹல்க் ஒரு பக்கத்தில் வெளிறிய சாம்பலாகவும் மற்றொன்றில் கரிய சாம்பலாகவும், சில இடங்களில் பச்சை என்றே சொல்லத்தக்க நிறத்திலும் அச்சாகிவிட்டான்.

பழைய காமிக்ஸ் பக்கம் எதையேனும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். எட்டி நின்று பார்க்கையில் சாம்பலாகத் தெரிகிற இடம், கண்ணாடியின் கீழ் மஞ்சளும் இளஞ்சிவப்பும் நீலமுமாகச் சிதறிக் கிடக்கும். தனிச் சாம்பல் புள்ளி ஒன்றுகூட அதில் இராது. எனவே ஹல்க்கின் பச்சை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதன்று. அந்தச் சாம்பலுக்குள்ளேயே நீலமும் மஞ்சளுமாக அது கலந்து கிடந்தது. சிவப்பு சற்றே பின்வாங்கியபோது வெளிப்பட்டது. அச்சான இதழைக் கண்ட லீ, இரண்டாம் இதழிலேயே ஹல்க்கைப் பச்சையாக்கிவிட்டார். பச்சைக்கு இரண்டே மைகள் போதும். தகடு கொஞ்சம் நகர்ந்தாலும் பச்சை பச்சையாகவே இருக்கும்.

நிறம் மாறியதற்குக் கதையில் ஒரு வரி விளக்கம்கூட அன்று தரப்படவில்லை. தொடரும் நீடிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு இதழ்கள் வந்து, 1963 மார்ச் இதழோடு நின்றுபோனது. பிறர் தொடர்களில் விருந்தாளியாகத் தலைகாட்டி, 1964இல் மற்றோர் இதழில் பாதிப் பக்கங்களைப் பெற்று, 1968இல்தான் மீண்டும் தன் பெயரில் ஒரு முழு இதழுக்கு உரியவனானான் ஹல்க். அதற்குள் பச்சை நிலைபெற்றுவிட்டது. 1977 முதல் 1982 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரில் லூ ஃபெரிக்னோ உடல் முழுவதும் பச்சை பூசிக்கொண்டு நடித்த பிறகு, ஹல்க்கை வேறு நிறத்தில் கற்பனை செய்யவும் உலகத்துக்கு முடியாமல் போயிற்று.

மறுபதிப்புகளின் பங்கு இங்கேதான் வருகிறது. ஹல்க்கின் முதல் கதையை 1960களிலும் 1970களிலும் திரும்ப அச்சிட்டபோதெல்லாம் பச்சையாகவே அச்சிட்டார்கள். 1974இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனத்தின் வழியாகப் புத்தகக் கடைகளுக்கு வந்த, மார்வெல் நாயகர்களின் தோற்றக் கதைகளைக் கொண்ட தொகுப்பு இந்தக் காலத்தைச் சேர்ந்தது. ஒரு தலைமுறை அந்த முதல் கதையை அறிந்துகொண்டது பெரும்பாலும் இத்தகைய தொகுப்புகளில்தான். உங்கள் நண்பரிடம் இருப்பதும் இந்த வரிசையில் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவர்கள் செய்ததைத் திரிப்பு என்று கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அன்றைய பதிப்பாசிரியரின் பார்வையில் பழைய காமிக்ஸ் என்பது ஓர் ஆவணம் அன்று. புது வாசகனிடம் விற்க வேண்டிய கதை. பச்சை ஹல்க்கைத் தேடி வந்த சிறுவனிடம் சாம்பல் நிற ஆசாமி ஒருவனைக் காட்டினால் அவன் குழம்பிப்போவான். ஆகவே நாயகனை அவனுடைய பிற்கால முகத்தோடு ஒத்துப்போகச் செய்தார்கள். அட்டையில் ஒரு நிறமும் உள்ளே வேறொரு நிறமுமாக இருப்பதைவிட அது மேல் என்றும் நினைத்திருக்கலாம்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1984 டிசம்பர் தேதியிட்ட 302ஆம் இதழில், முன்கதையைக் காட்டும் இடத்தில் ஹல்க் மீண்டும் சாம்பலாக வந்தான். 1986 ஏப்ரலில் வந்த 318ஆம் இதழ், தோன்றியபோது அவன் நிறம் சாம்பல்தான் என்பதைக் கதைக்குள்ளேயே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் நிகழ்காலக் கதையிலும் சாம்பல் ஹல்க் திரும்பினான். 1987இல் பொறுப்பேற்ற எழுத்தாளர் பீட்டர் டேவிட், இந்தச் சாம்பல் நிறத்தானைப் பச்சை நிறத்தானிடமிருந்து வேறான குணம் படைத்தவனாகவே வளர்த்தெடுத்தார்: உடல் வலிமையில் ஒரு படி குறைந்தவன், தந்திரத்தில் பல படி கூடியவன், லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியில் கோட்டும் தொப்பியும் அணிந்து அடியாள் வேலை பார்ப்பவன். ஹல்க்காக உருமாறும் அறிவியலாளர் புரூஸ் பேனர் என்ற ஒரு மனிதனுக்குள் பல ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்ற, இன்று ஹல்க் கதைகளின் அடித்தளமாகவே ஆகிவிட்ட கருத்து இப்படித்தான் வேர்பிடித்தது. மூன்று மைகள் சமமாக ஒட்டாததால் நேர்ந்த ஒரு பிழை, கால் நூற்றாண்டு கழித்து ஒரு பாத்திரத்தின் மனநோயாக மாறிவிட்டது. (இந்தக் குடும்பத்துக்கு இது பழக்கம்தான். 1964இல் லீ மறதியாகப் புரூஸ் பேனரை 'பாப் பேனர்' என்று எழுதிவிட, வாசகர்கள் பிடித்துக்கொண்டதும், அவருடைய முழுப்பெயரே ராபர்ட் புரூஸ் பேனர் என்று அறிவித்துச் சமாளித்தார்.)

கதையில் சாம்பலுக்கு ஓர் இடம் கிடைத்த பிறகு, மறுபதிப்புகளும் சாம்பலுக்குத் திரும்பின. முதல் ஆறு இதழ்களையும் சேர்த்துக் கெட்டி அட்டையில் வந்த 1989ஆம் ஆண்டுத் தொகுப்பும், முதல் இதழை மட்டும் தனி இதழாகவே திரும்பக் கொண்டுவந்த 1991ஆம் ஆண்டுப் பதிப்பும் அதற்குப் பிந்தியவை. உங்களிடம் இருப்பதும் 1986க்குப் பிந்தைய மரபில் வந்ததே. அதில் ஹல்க்கின் சாம்பல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதுவும் 1962இன் சாம்பல் அன்று. இன்றைய அச்சில் கறுப்பு மையையே புள்ளியாக்கி எத்தனை பக்கத்துக்கும் மாறாத சாம்பலைத் தர முடியும். அப்படித் தந்திருந்தால், லீ மனத்தில் நினைத்து அச்சில் கிடைக்காமல் போன சாம்பலை உங்களுக்குத் தந்திருக்கிறார்கள். பச்சைப் பதிப்பு பிற்கால ஹல்க்குக்கு உண்மையாக இருந்தது. சீரான சாம்பல் பதிப்பு ஆசிரியரின் எண்ணத்துக்கு உண்மையாக இருக்கிறது. நிறம் தாறுமாறாகத் திரிந்த அந்த இதழுக்கு உண்மையாக இருப்பது, அதன் பக்கங்களை அப்படியே ஒளிப்படமெடுத்துத் தரும் பதிப்பு மட்டுமே.

இனி இரண்டாம் கேள்வி. மறுபதிப்பைப் படித்தால் அந்த இதழைப் படித்ததாகுமா?

கதையைப் பொறுத்தவரை, ஆகும். கோடுகள், வசனங்கள், கட்டங்களின் வரிசை ஆகியவை நல்ல மறுபதிப்பில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. பழைய பக்கங்களின் படச்சுருள் பதிப்பகத்தில் பத்திரமாக இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாதபோது, அச்சான பழைய இதழிலிருந்தே கறுப்புக் கோட்டை மீட்டாக வேண்டும். கிரெக் தீக்ஸ்டன் என்பவர் இதற்கென்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார்: அசல் இதழின் பக்கத்தை வேதிப்பொருளில் ஊறவைத்து, வண்ண மைகளை வெளுக்கச் செய்து, கறுப்பு மையை மட்டும் நிற்கவைத்துப் படமெடுப்பது. கோடு கிடைக்கும், பக்கம் பாழாகும். ஒரு பழைய இதழைப் பல்லாயிரம் பேர் படிக்க வேண்டுமென்பதற்காக அதன் ஒரு பிரதியை உண்மையிலேயே பலி கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், விலையுயர்ந்த தொகுப்பைப் புரட்டும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். அதற்கும் வழியில்லாத இடங்களில் கோடுகளைப் புதிதாக ஒருவர் பார்த்து வரைந்தும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே கிர்பியின் கோடு என்று நாம் நினைப்பது வேறொருவரின் கை.

காகிதம் அடுத்த சிக்கல். 1962இன் வண்ணங்கள் மஞ்சள் பாரித்த, மையைக் குடித்துவிடும் காகிதத்தைக் கருதி வகுக்கப்பட்டவை. அங்கே முழு அடர்த்திச் சிவப்பு என்பது நடைமுறையில் ஒரு மங்கலான செங்கல் நிறம். அதே குறியீட்டை அப்படியே எடுத்து வெள்ளை வெளேரென்ற வழவழப்பான தாளில் அச்சிட்டால், சிவப்பு கண்ணைக் குத்தும், மஞ்சள் கூசும், இருட்டாக இருக்க வேண்டிய ராணுவ மருத்துவமனை அறை திருவிழாப் பந்தல்போல் ஒளிரும். குறியீடுகள் ஒன்றுக்கொன்று மிகச் சரியாகப் பொருந்தியிருக்கும். பக்கம் மட்டும் அந்தப் பக்கமாக இராது. 1980களிலும் 1990களிலும் வந்த ஆடம்பரத் தொகுப்புகள் பலவற்றைப் பற்றி வாசகர்கள் சொன்ன குறை இதுதான். அண்மைக் காலத்தில் வழவழப்பற்ற தாளைப் பயன்படுத்துவதாலும் வண்ணத்தின் அடர்த்தியைக் குறைப்பதாலும் நிலைமை தேறியிருக்கிறது.

வண்ணமே இல்லாத மறுபதிப்பும் உண்டு. 1999இல் ஹல்க்கின் தொடக்கக் காலக் கதைகள் தடிமனான மலிவுவிலைத் தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில் வந்தன. சாம்பலா பச்சையா என்ற வழக்கே அதில் எழாது. இரும்புக்கை மாயாவியை முத்து காமிக்ஸில் வண்ணமின்றிப் படித்து வளர்ந்த நமக்கு அது குறையாகவும் படாது. கிர்பியின் கோடு எத்தனை பாரமானது, ரைன்மனின் மை நிழல்களை எப்படித் திரட்டியிருக்கிறது என்பதை நான் சரியாகப் பார்த்தது அந்தக் கறுப்பு வெள்ளைத் தொகுப்பில்தான். அக்காலத்தில் ஓவியர்கள் அச்சாகும் அளவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பெரிய தாளில் வரைந்தார்கள். இதழில் அது சுருங்கி, வண்ணப் புள்ளிகளுக்கு அடியில் நசுங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மறுபதிப்பு அசலைவிட ஓவியருக்கு நெருக்கமானது என்பேன்.

மறுபதிப்பு இழப்பது கதைக்கு வெளியே இருப்பதை. விளம்பரங்களைச் சொல்கிறேன். தொகுப்புகளில் அவை இரா. இதழை அட்டை முதல் அட்டை வரை அப்படியே நகலெடுக்கும் பதிப்புகளில் மட்டுமே இருக்கும். அக்காலக் காமிக்ஸ்களில் சார்ல்ஸ் அட்லஸின் உடற்பயிற்சி விளம்பரம் மிகவும் பெயர்பெற்றது: கடற்கரையில் அவமானப்பட்ட ஒல்லிப் பையன் ஒருவன், பயிற்சி பெற்றுத் திரும்பி வந்து, தன்னை இழிவுபடுத்தியவனை ஒரே குத்தில் வீழ்த்துவான். ஒல்லியான அறிவியலாளர் ஒருவர் மலைபோன்ற உடலாக மாறும் கதையைப் படிக்கும் சிறுவனின் கையில் இத்தகைய விளம்பரங்களும் சேர்ந்தே இருந்தன என்பதை, தொகுப்பை மட்டும் படிப்பவர் அறிய மாட்டார். நகல் பதிப்பில் இன்னொரு வசதியும் உண்டு. ஹல்க் தொடரில் 1974 நவம்பரில் வந்த 181ஆம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். வுல்வரின் என்ற நாயகன் முழுமையாகத் தோன்றிய முதல் இதழ் அது. அதில் வாசகர்கள் வெட்டிச் சேகரிப்பதற்காக ஒரு முத்திரைப் படம் அச்சாகியிருந்தது. சொன்னபடி கேட்ட பிள்ளைகள் வெட்டினார்கள். அவர்களுடைய பிரதிகளின் மதிப்பு இன்று பெருமளவு சரிந்து கிடக்கிறது. நகல் பதிப்பில் அதை நீங்கள் தாராளமாக வெட்டலாம்.

அசல் இதழ் வைத்திருப்பவர் நம்மைவிட நல்ல வாசகர் என்றும் எண்ண வேண்டாம். நல்ல நிலையில் உள்ள ஹல்க் முதல் இதழ் லட்சக்கணக்கான டாலருக்கு ஏலம் போகிறது. அத்தகைய பிரதிகளைத் தரம் பிரிக்கும் நிறுவனங்கள் மதிப்பெண் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிட்டுத் தருகின்றன. உறையைப் பிரித்தால் சான்றிதழ் செல்லாது. ஆகவே அசலுக்கு உரிமையாளரான அவரும், கதை படிக்க வேண்டுமென்றால், உங்களைப் போலவே ஒரு மறுபதிப்பை வாங்கித்தான் படித்தாக வேண்டும்.

நிறத்தையும் காகிதத்தையும் விட்டுவிட்டு, கதையை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். திரைப்படங்களின் வழியே ஹல்க்கை அறிந்தவர்களுக்கு இந்த முதல் இதழ் பெரிய வியப்பாக இருக்கும். கோபம் வந்தால் உருமாறுவது என்பது இதில் இல்லவே இல்லை. சூரியன் மறைந்தால் ஹல்க், உதித்தால் பேனர், அவ்வளவுதான். குண்டுச் சோதனைத் திடலுக்குள் காரை ஓட்டிக்கொண்டு வந்து, ஹார்மோனிகா வாசித்துக்கொண்டிருக்கும் ரிக் ஜோன்ஸ் என்ற பையனைக் காப்பாற்ற பேனர் ஓடுகிறார்; எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லி அவர் விட்டுவந்த உதவியாளர் இகோர், உளவாளியாதலால், வேண்டுமென்றே நிறுத்தாமல் விடுகிறான். பையனைப் பதுங்குகுழியில் தள்ளிவிட்டுக் காமா கதிர்களைத் தாம் வாங்கிக்கொள்ளும் பேனர், மணிக்கணக்கில் அலறிக்கொண்டே இருக்கிறார். பிறகு மருத்துவமனை அறை. ரிக்கும் அவரும் மட்டும் இருக்கிறார்கள். வெளிச்சம் மங்குகிறது; கதிர்வீச்சை அளக்கும் கருவி திடீரென்று கடகடவென ஒலிக்கத் தொடங்குகிறது; திரும்பிப் பார்த்தால் பேனர் இருந்த இடத்தில் இன்னொருவன் நிற்கிறான். உடை கிழியும் ஆர்ப்பாட்டமோ உறுமலோ அதிகம் இல்லாமல், அந்தி சாய்வதோடு சேர்ந்து ஒரு மனிதன் மாறிப்போகிறான். இந்தக் காட்சிக்குச் சாம்பல்தான் பொருத்தம் என்பது என் கட்சி. மாலை இருளே உடலெடுத்து வந்ததுபோல் இருக்கிறது. அதே கட்டத்தைப் பச்சையில் பார்த்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது.

இந்த ஹல்க் நன்றாகப் பேசவும் செய்கிறான். பிற்காலத்தில் புகழ்பெற்ற மழலைப் பேச்சு இங்கே இல்லை. தனக்குத் துணையாக ஓடிவரும் ரிக்கைப் பூச்சியே என்று விளித்து விலகச் சொல்கிறான். பேனரின் புகைப்படத்தைக் கண்டதும், அந்த மெல்லிய, பலவீனமான முகத்தை வெறுப்பதாகக் கத்துகிறான். அவனுக்குப் பெயர்கூட அவன் வைத்துக்கொண்டதில்லை. இருளில் தேடிச் செல்லும் படைவீரன் ஒருவன், பருத்த உருவம் என்ற பொருளில் சொன்ன சொல் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. தமிழில் இவனைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு தடுமாற்றம் வரும். அவன் என்பதா, அது என்பதா? அட்டையில் கேட்ட கேள்வியை ஆங்கிலத்தில் கடைசிப் பக்கம் வரை ஒருவாறு தள்ளிப்போடலாம்; தமிழில் முதல் வினைமுற்றிலேயே திணையைச் சொல்லியாக வேண்டும். இந்த முதல் கதையைப் பொறுத்தவரை 'அவன்' என்பதில் எனக்கு ஐயமில்லை. தன்னைத் தானே வெறுக்கத் தெரிந்த ஒன்றை அஃறிணையில் சேர்க்க முடியாது.

கதையின் பிற்பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்காயில் என்ற சோவியத் வில்லன், அணு ஆய்வில் பணியாற்றித் தலை பெருத்து உருக்குலைந்தவன், ஹல்க்கையும் ரிக்கையும் சிறைபிடித்துத் தன் நாட்டுக்குக் கொண்டுபோகிறான். வழியில் விடிந்துவிட, கையில் இருப்பது அரக்கன் அல்லன், பேனர் என்பது தெரிகிறது. சாதாரண மனிதனாக இருக்கக்கூடியவன் ஏன் அரக்கனாக வாழ வேண்டும் என்று கார்காயில் அழுதுவிடுகிறான். பேனர் கதிர்வீச்சைக் கொண்டே அவனைக் குணப்படுத்துகிறார். நலம்பெற்றவன் இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டு, க்ருஷ்சேவின் படத்தைப் பார்த்துத் தன் கோபத்தைக் கொட்டி, தன் தளத்தையே வெடிவைத்துத் தகர்த்து மடிகிறான். பனிப்போர்ப் பிரச்சாரம் வெளிப்படையாகத்தான் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பக்கத்துக் குண்டு பேனரைக் கெடுத்தது, மறு பக்கத்துக் குண்டு கார்காயிலைக் கெடுத்தது என்று இரண்டையும் ஒரே கதையில் எதிரெதிரே வைத்ததில், எழுதியவர் நினைத்ததைவிடக் கூடுதலாகவே ஒன்று சொல்லப்பட்டுவிட்டது. 1961 செப்டம்பரில் சோவியத் ஒன்றியம் நிறுத்திவைத்திருந்த அணுச் சோதனைகளை மீண்டும் தொடங்கியிருந்தது. 1962 ஏப்ரலில் அமெரிக்கா வளிமண்டலச் சோதனைகளுக்குத் திரும்பியது. கியூபா ஏவுகணை நெருக்கடிக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. அந்த வாரங்களில் கடைத் தட்டில் கிடந்த இதழ் இது என்ற நினைவோடு படித்தால், பாலைவனத்தில் வெண்ணிறமாக வெடிக்கும் அந்தக் கட்டம் வெறும் கதைக்கருவியாகத் தோன்றாது.

வாங்குவது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கதை மட்டும் போதுமென்றால் உங்களிடம் இருப்பதே போதும். அந்த நாளின் இதழ் எப்படி இருந்தது என்று அறிய ஆசையிருந்தால், விளம்பரங்களோடும் அட்டை விலையோடும் நகலெடுத்த பதிப்பாகத் தேடுங்கள். அதில் ஹல்க்கின் நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மாறினால் நல்லது. ஓவியத்தைக் கற்க வேண்டுமென்றால் கறுப்பு வெள்ளைத் தொகுப்பு. நண்பரின் பச்சைத் தொகுப்பை, குறையுள்ளது என்று சொல்லி அவர் பழைய கடையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகம் இந்தக் கதையை எந்த நிறத்தில் படித்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு நாள் இரண்டையும் அந்த மருத்துவமனைப் பக்கத்தில் விரித்து, அருகருகே வைத்து, சாயங்கால வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எது பிடித்தது என்று எழுதுங்கள். என் வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. என் மகள் பச்சைக் கட்சி.